ஓடாத சத்ரியா ஜிடிஐ, 6,500 வெள்ளி கேட்கிறார்கள்: எடுக்கலாமா?

#1 | சிப்புட்_ஓட்டி

எல்லாருக்கும் வணக்கம். மலேசியா, பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து உரக் கொட்டகையில் புரோட்டான் சத்ரியா ஜிடிஐ காடி (கார்) ஒன்று நிற்கிறது. 2001 பதிவு, மேனுவல். நாலு வருஷமாக அசையவில்லை. ஓடிக்கொண்டிருந்தபோது "டக்" என்று ஒரு சத்தம், அதோடு எஞ்சின் நின்றுவிட்டது, அப்புறம் ஸ்டார்ட் ஆகவே இல்லை என்கிறார்கள். வேறு காடியில் இருந்து கேபிள் போட்டு முடுக்கினால் எஞ்சின் சுற்றுகிறது. ஆனால் வழக்கமான "உர்ர்... உர்ர்..." இல்லை, ஒரே சீராக, லேசாக, வேகமாகச் சுற்றுகிறது.

ரோட்டெக்ஸ் (சாலை வரி), இன்சூரன்ஸ் இரண்டும் செத்துவிட்டன. விலை 6,500 வெள்ளி (ரிங்கிட்). என்னிடம் மொத்தமே 18,000 வெள்ளிதான். மிட்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆர் காடியின் டர்போ எஞ்சினைப் போட்டு ஓட்டலாம் என்று ஒரு எண்ணம். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய்ப் பார்க்கப் போகிறேன். பார்க்கும்போது என்னென்ன சோதிக்க வேண்டும்? இந்த விலைக்கு எடுக்கலாமா?

#2 | கறுப்பெண்ணெய்

தம்பி, இனிமேல் அந்தச் சாவியைத் திருப்பாதீங்க. நீங்க சொல்ற அறிகுறி மூணும் டைமிங் பெல்ட் (பிஸ்டனோட கிராங்க் தண்டால, வால்வைத் திறக்கிற கேம் தண்டைச் சுத்த வைக்கிற பெல்ட்) அறுந்ததைத்தான் காட்டுது. பெல்ட் அறுந்தா கேம் சுத்தாது, சில வால்வு திறந்தபடியே நின்னுடும், சிலிண்டர்ல காத்து அமுங்காது. அதனாலதான் ஸ்டார்ட்டர் இவ்வளவு லேசா சுத்துது.

ஜிடிஐயில இருக்கிற 4ஜி93 டபுள் கேம் எஞ்சின்ல பிஸ்டன் மேலே வர்ற இடமும் வால்வு கீழே இறங்குற இடமும் ஒண்ணுதான். பெல்ட் ஒழுங்கா இருக்கிற வரைக்கும் நேரம் தவறாம ஒண்ணு போக ஒண்ணு வரும். அறுந்தா நின்ன வால்வு மேல பிஸ்டன் வந்து மோதும், வால்வுத் தண்டு வளைஞ்சிடும். நீங்க ஒவ்வொரு தடவை முடுக்கும்போதும் மறுபடி மறுபடி மோதுது.

சாவியைத் தொடாம இதை உறுதி பண்ணலாம். எண்ணெய் ஊத்துற மூடியைத் திறந்து டார்ச் அடிங்க, கேம் தெரியும். காடியை 5ஆம் கியர்ல போட்டு ஒருத்தர் மெதுவா ஒரு அடி தள்ளட்டும். கிராங்க் புல்லி அசைஞ்சும் கேம் அசையலைன்னா பெல்ட் போயிடுச்சு. மேல் டைமிங் கவரைச் சில போல்ட்டுல கழட்டிடலாம், உள்ளே கண்ணாலேயே பாக்கலாம். கேம் அசைஞ்சா ரொம்ப நல்லது, அப்போ பெட்ரோல், ஸ்பார்க், ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) பக்கம் தேடலாம்.

பெல்ட் போயிருந்தா ஏன் போச்சுன்னும் பாருங்க. பழசாகி வெடிச்சிருக்கலாம். கேம் சீல், கிராங்க் சீல் ஒழுகி எண்ணெய் பட்டு ரப்பர் ஊதியிருக்கலாம். வாட்டர் பம்ப் பேரிங் இறுகிப் பல்லைச் சீவியிருக்கலாம். டென்ஷனர் பேரிங்கும் உடையும். காரணத்தை விட்டுட்டுப் புது பெல்ட் போட்டா அடுத்த பெல்ட்டும் அதே மாதிரி போகும்.

#3 | ரெவ்லிமிட்

பெல்ட் போனா போகட்டும் ப்ரோ, எப்படியும் எஞ்சினை மாத்தத்தானே போறீங்க! ஜிஎஸ்ஆரோட 4ஜி93 டர்போ ஜப்பான்ல 195 குதிரைத்திறன். ஜிடிஐயோடது 140 சுத்துவட்டாரம். அதே குடும்பத்து பிளாக், மவுண்டிங் பெரிய தலைவலி இல்லை. 6,500க்கு ஜிடிஐ பாடி இப்ப எங்கே கிடைக்குது? நாளைக்கே போய் டெபாசிட் கட்டிடுங்க, இன்னொருத்தர் தூக்கிட்டுப் போயிடுவார்.

#4 | கெராண்_கிராணி

டெபாசிட் கட்ட வேண்டாம். முதலில் கெராணை (வாகனப் பதிவுச் சான்றிதழை) கேளுங்கள். காடியைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டிய தாள் அது.

ஒன்று. கெராணில் எஞ்சின் கொள்ளளவு 1,834 சிசி என்று இருக்க வேண்டும். சாதாரண சத்ரியா 1.3, 1.5, 1.6இல் ஜிடிஐ பம்பர், சீட், டிஸ்க் பிரேக், 1.8 எஞ்சின் எல்லாம் ஏற்றி ஜிடிஐ என்று விற்பது நம் நாட்டில் நிறையவே நடக்கிறது. பாடிகிட்டை ஒட்டிக்கொள்ளலாம், கெராணில் எழுதியதை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 1,597 அல்லது 1,468 என்று இருந்தால் அது ஜிடிஐ அல்ல, விலையும் ஜிடிஐ விலையாக இருக்கக்கூடாது.

இரண்டு. பாடியில் பொறித்த சேசிஸ் எண்ணையும் எஞ்சின் பிளாக்கில் பொறித்த எண்ணையும் நீங்களே துணியால் துடைத்து, எழுத்து எழுத்தாகக் கெராணோடு ஒப்பிடுங்கள். போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எண்ணைச் சுற்றி வெல்டிங் கோடோ, அரம் போட்ட தடமோ, அந்த இடத்தில் மட்டும் புதுச் சாயமோ இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். துருவில் எண் அரித்துப் போயிருந்தாலும் பிரச்சினைதான், புஸ்பாகோம் வாகனச் சோதனையில் தேறாமல் நின்றுவிடும்.

மூன்று. கெராணில் யார் பெயர்? விற்பவரும் அவரும் ஒருவர்தானா? பெயர் மாற்றத்துக்கு உரிமையாளரே ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) ஒப்புதல் தர வேண்டும். அதற்கு முன் காடி புஸ்பாகோமின் பி5 சோதனையில் தேற வேண்டும். ஓடாத காடியை அங்கே எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவது என்பதையும் இப்போதே யோசியுங்கள். அதாவது, பணம் கொடுத்து, காடியை ஓட வைத்து, பிறகுதான் அது உங்கள் பெயருக்கு வரும். நடுவில் விற்றவர் மனம் மாறினாலோ, ஊர் மாறினாலோ நீங்கள் செலவழித்ததெல்லாம் வேறொருவர் காடியில்தான்.

நான்கு. வங்கிக் கடன் தீர்ந்து உரிமைக் கோரல் நீக்கப்பட்டிருக்கிறதா, சமான் (போக்குவரத்து அபராதம்) பாக்கியால் ஜேபிஜேயில் பிளாக்லிஸ்ட் ஆகியிருக்கிறதா? உரிமையாளரை அழைத்துக்கொண்டுபோய்க் கவுண்டரில் கேட்டால் தெரிந்துவிடும்.

ரோட்டெக்ஸ் கணக்கும் சொல்லிவிடுகிறேன். தீபகற்பத்தில் தனியார் காடிக்கு 1,801 முதல் 2,000 சிசி வரை அடிப்படை 280 வெள்ளி, 1,800க்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 50 சென். 1,834க்கு 34 சிசி கூடுதல், 17 வெள்ளி. ஆக வருஷத்துக்கு 297 வெள்ளி.

#5 | பழைய_தகரம்

தம்பி எழுதினதுல எல்லாரும் எஞ்சினைப் பிடிச்சுக்கிட்டீங்க. எனக்கு "உரக் கொட்டகை"ன்ற சொல்லைப் பாத்ததும் வயிறு கலங்குது.

செம்பனைக்குப் போடற பொட்டாஷ் உரம் இருக்கே, அது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்போட கூடப் பிறந்தது. அம்மோனியம் சல்பேட்டும் அங்கேதான் அடுக்கியிருப்பாங்க. மூட்டை கிழிஞ்சு தூசி பறக்கும், நம்ம ஊர் ஈரக் காத்துல தண்ணியை இழுத்துக்கும், தகரத்து மேல உப்புக் கரைசலா உக்காரும். குளோரைடு சாயத்தோட சின்னக் கீறலுக்குள்ள புகுந்து உள்பக்கமா அரிச்சுக்கிட்டே போகும். வெளியே சாயம் பளபளன்னு இருக்கும், உள்ளே தகரம் பிஸ்கட்டா இருக்கும். மழையில நின்ன காடியாவது அடிக்கடி கழுவப்படுது. கொட்டகைக்குள்ள இருக்கிற காடிக்கு அந்தக் கழுவலும் இல்லை.

ஞாயித்துக்கிழமை டார்ச், மழுங்கின ஸ்க்ரூடிரைவர், மெல்லிய துணி சுத்தின காந்தம், பழைய பாய் எடுத்துக்கிட்டுப் போங்க. விற்கிறவர்கிட்ட "கீழே குத்திப் பாக்கலாமா"ன்னு கேட்டுக்கிட்டுச் செய்யுங்க.

முதல்ல சைட் சில் (கதவுக்குக் கீழே நீளமா ஓடற தகரம்), ஜாக்கி வைக்கிற இடம். ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிக்கிட்டே போங்க. நல்ல தகரம் "டிங்"னு சொல்லும், அரிச்சது "தொப்"னு சொல்லும், உள்ளே துகள் சரசரன்னு விழற சத்தமும் கேக்கும். அப்புறம் பின் சக்கர வளைவு உள்விளிம்பை விரலால தடவுங்க. காந்தம் ஒட்டாத இடத்துல புட்டி இருக்கு. பூட் கம்பளத்தைத் தூக்கி ஸ்பேர் டயர் குழியைப் பாருங்க, பின் விளக்கு ரப்பர் காஞ்சா தண்ணி அங்கேதான் தேங்கும். முன்பக்கம் சஸ்பென்ஷன் டவர் (அப்சார்பரோட மேல்முனை பிடிக்கிற இடம்), பேட்டரித் தட்டுக்குக் கீழே, முன் கண்ணாடியோட கீழ் மூலை ரெண்டும். கடைசியா படுத்துப் பாக்க வேண்டியது பிரேக் பைப், பெட்ரோல் பைப். மேல்தோல் உரிஞ்சு செதில் செதிலா இருந்தா பைப் மொத்தமா மாத்தணும்.

வளைவு, பூட் குழி அரிச்சிருந்தா கெத்தோக் (தகரம் தட்டற) வேலை, செலவுதான், ஆபத்து இல்லை. சில், டவர், பின் ஆர்ம் பிடிக்கிற இடம் அரிச்சிருந்தா காடியோட எலும்பே போச்சுன்னு அர்த்தம். அங்கே புட்டி பூசி மூடறது பாவம். மோதினா கதவு தாங்காது.

#6 | ஒயரிங்_அக்கா

தோட்டத்தில் நின்ற காடி என்றால் எலியையும் கணக்கில் வையுங்கள். செம்பனைத் தோட்டத்தில் எலிக்காகவே ஆந்தை வளர்க்கிறார்கள், அவ்வளவு எலி. பானட்டுக்குள் கூடு கட்டினால் இன்ஜெக்டர் ஒயர், சென்சார் ஒயர் எல்லாம் தோல் உரிந்து கிடக்கும். எலிமூத்திரம் பிளக் பின்களைப் பச்சையாக்கிவிடும்.

பேட்டரியை நேராகக் கொடுத்து முடுக்கியது தவறு தம்பி. உரிந்த ஒயர் பாடியில் பட்டிருந்தால் ஹார்னஸ் (ஒயர் கட்டு) எரிந்திருக்கும். இனி இப்படிச் செய்யுங்கள். பேட்டரி இல்லாமல், சாவி ஆஃப், எல்லாக் கதவும் மூடி, பாசிட்டிவ் கேபிளுக்கும் பாடிக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் எங்கோ ஷார்ட். இல்லையென்றால் நெகட்டிவ் பக்கம் 10 ஆம்பியர் பியூஸ் ஒன்றைத் தொடரில் வைத்து பேட்டரி மாட்டுங்கள். பியூஸ் தாங்கினால், அதற்குப் பதிலாக ஆம்பியர் மீட்டரை வைத்துக் கசிவைப் பாருங்கள். எல்லாம் ஆஃபில் 50 மில்லியாம்பியருக்கு மேல் ஓடக்கூடாது. இந்தப் பியூஸ் சோதனைக்கு மட்டும்தான். ஸ்டார்ட்டர் முடுக்க அது தாங்காது.

ஈசியுவைக் கட்டாயம் திறந்து பாருங்கள். தொண்ணூறுகளின் மிட்சுபிஷி வழி ஈசியுக்களில் எலெக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர் ஒழுகுவது பழைய நோய். மூடியைத் திறந்ததும் மீன் வாடை மாதிரி அடிக்கும். கப்பாசிட்டர் காலடியில் பழுப்புக் கறை, பக்கத்துச் செப்புத் தடத்தில் பச்சை. ஒழுகிய திரவம் தடத்தைத் தின்னும் முன்பு பிடித்தால் சில வெள்ளி செலவில் தீரும். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி வகை. கழற்றிய இடத்தை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் புதியதை ஈயம் வைக்க வேண்டும். பல பேர் கழுவுவதை விட்டுவிடுகிறார்கள், ஆறு மாதத்தில் தடம் அறுகிறது.

அடுத்து மெயின் ரிலே. உள்ளே சால்டர் வெடித்திருந்தால் பெட்ரோல் பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் மின்சாரம் போகாது. பம்ப் செத்தது என்று பலர் பம்ப் வாங்கிவிட்டு வருவது இதனால்தான். பம்ப்புக்கு நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அதைக் குறை சொல்ல வேண்டும்.

#7 | சிப்புட்_ஓட்டி

மிக்க நன்றி. ரெவ்லிமிட் அண்ணே சொன்ன டர்போ பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்? அப்படியே இருக்கிற எஞ்சினைச் சரிசெய்து அதிலேயே டர்போ மாட்டினால் செலவு குறையுமா?

#8 | கறுப்பெண்ணெய்

இருக்கிற எஞ்சின்ல டர்போ மாட்டாதீங்க. ஜிடிஐ எஞ்சினோட கம்ப்ரெஷன் ரேஷியோ (சிலிண்டர்ல காத்து எத்தனை மடங்கு அமுங்குதுன்ற அளவு) பத்துக்கு மேல. டர்போவுக்குன்னு செஞ்ச எஞ்சின்ல அது குறைவு. உயர்ந்த ரேஷியோவுல மேலும் காத்தை அமுக்கினா, ரோன்95 பெட்ரோல்ல நாக்கிங் (நேரம் தவறி எரியறது) வரும், பிஸ்டன்ல ரிங்குகளுக்கு நடுவுல இருக்கிற பாலம் உடையும். பூஸ்ட்டைக் குறைச்சு, நல்லா டியூன் பண்ணி ஓட்டறவங்களும் இருக்காங்க. ஆனா அதுக்கு வைட்பேண்ட் சென்சார், தனி ஈசியு, டைனோ நேரம் எல்லாம் வேணும். அந்தச் செலவுல ரெண்டு ஹெட் (வால்வு, கேம் இருக்கிற எஞ்சின் மேல்பகுதி) வேலை முடிச்சிடலாம்.

ஜிஎஸ்ஆர் ஹாப்கட் (வெட்டி இறக்குமதி பண்ணின பழைய காடியோட முன்பாதி) போடறதா இருந்தா ஒண்ணு கவனிங்க. ஜப்பான் ஜிஎஸ்ஆர் நாலு சக்கர இழுவை. அதோட கியர்பாக்ஸ் டிரான்ஸ்பர் கேஸோட (பின் சக்கரத்துக்கும் இழுவை அனுப்பற பெட்டியோட) வரும், சத்ரியாவுக்கு அப்படியே பொருந்தாது. முன் சக்கர இழுவை கியர்பாக்ஸ் வேற தேடணும், கிளச்சும் டர்போ டார்க்கைத் தாங்கற மாதிரி வேணும், டிரைவ் ஷாஃப்ட் நீளம் பாக்கணும். இன்டர்கூலர் பைப், ரேடியேட்டர், பெட்ரோல் பம்ப், ஒயரிங், எக்ஸாஸ்ட் டவுன்பைப். "எஞ்சின் விலை"ன்னு கடையில சொல்றது இதுல பாதிகூட இல்லை. ஹாப்கட் எஞ்சினும் பழசுதான், அதுக்கும் பெல்ட், சீல், வாட்டர் பம்ப், டர்போ ஷாஃப்ட் ஆட்டம் எல்லாம் பாத்துத்தான் ஏத்தணும்.

#9 | கெராண்_கிராணி

சட்டப் பக்கம்: எஞ்சின் மாற்றினால் ஜேபிஜே அனுமதி, சோதனை, கெராணில் புது எஞ்சின் எண். சிசி அதே 1,834 என்றாலும் எண் வேறு, ஆகவே மாற்றத்தைப் பதிந்தே ஆக வேண்டும். எஞ்சின் வாங்கிய ரசீதும் இறக்குமதிச் சுங்கத் தாளும் கடையிலிருந்து வாங்கி வையுங்கள். "தாள் பிறகு தருகிறேன்" என்று சொல்லும் இடத்தில் வாங்காதீர்கள். பதியாமல் ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். இவ்வளவு பழைய காடிக்குப் பல நிறுவனங்கள் மூன்றாம் தரப்புக் காப்பு மட்டும்தான் கொடுக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. எஞ்சின் எண் பிளாக்கில் இருக்கிறது, ஹெட்டில் இல்லை. வால்வு வளைந்து ஹெட்டை மட்டும் சரிசெய்தாலோ வேறு ஹெட் ஏற்றினாலோ கெராணில் எதுவும் மாறாது.

#10 | ரெவ்லிமிட்

சரி, டெபாசிட் கட்டச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன், கெராண் விஷயம் நான் யோசிக்கலை. ஆனா மாற்றியமைக்கிறதுன்னா டர்போ மட்டும் இல்லை. 18,000க்குள்ள ஜிடிஐயை இனிமையா ஓட்ட வைக்க முடியும். வரிசை இதுதான்: டயர், பிரேக், புஷ்ஷிங், அப்சார்பர், அதுக்கப்புறம்தான் எஞ்சின்.

டயர் பக்கச்சுவர்ல நாலு இலக்க எண் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 1516னா 2016ஓட 15ஆவது வாரம். நின்ன இடத்துல தட்டையான டயரைக் காத்தடிச்சு ஓட்டக்கூடாது, தள்ளிக்கொண்டு போக மட்டும். காலிப்பர் பிஸ்டன் துருப்பிடிச்சிருந்தா ரீபில்ட் கிட் போடுங்க. ஸ்லைடு பின் ரெண்டும் விரலால தள்ளினா நகரணும். பிரேக் எண்ணெய் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், நாலு வருஷம் நின்னதை முழுசா வடிச்சு டாட் 4 ஊத்துங்க. லோவர் ஆர்ம் புஷ், ஆன்டிரோல் பார் லிங்க், எஞ்சின் மவுண்டிங் இந்த மூணும் புதுசானாலே காடி பத்து வயசு குறைஞ்ச மாதிரி திரும்பும்.

#11 | சிப்புட்_ஓட்டி

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பலன் இது.

கெராண்: 1,834 சிசி. சேசிஸ், எஞ்சின் எண் இரண்டும் பொருந்துகின்றன, சுற்றிலும் வெல்டிங் தடம் இல்லை. ஆனால் கெராணில் இருப்பவர் விற்பவரின் அப்பா. அவர் காலமாகிவிட்டார்.

எஞ்சின்: கேம் அசையவில்லை. மேல் கவரைத் திறந்தோம். பெல்ட் அறுந்து உள்ளே சுருண்டு கிடக்கிறது, பல பல் சீவப்பட்டிருக்கிறது. பெல்ட்டில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு. டென்ஷனர் கையால் சுற்றினால் கரகரக்கிறது.

பாடி: வலப்பக்கம் எல்லாம் "டிங்". இடப்பக்கச் சில்லில் ஜாக்கி இடத்துக்குப் பின்னால் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்விட்டது. சுமார் ஒரு சாண் நீளத்துக்கு மெத்தென்று இருக்கிறது. உர மூட்டைகள் இடப்பக்கம் சுவரை ஒட்டித்தான் அடுக்கியிருக்கின்றன. பின் இடச் சக்கர வளைவில் புட்டி. முன் டவர் இரண்டும் நன்றாக இருக்கின்றன. பின் பிரேக் பைப் செதில் செதிலாக இருக்கிறது.

ஈசியு: மீன் வாடை வருகிறது அக்கா. மூன்று கப்பாசிட்டர், ஒன்றின் அடியில் பழுப்புக் கறை. தடம் அறுந்தது போல் தெரியவில்லை. எலிக் கூடு இருந்தது, இரண்டு இன்ஜெக்டர் பிளக் கடித்திருக்கிறது.

வால்வு வளைந்திருக்கிறதா என்று பெல்ட் போடாமல் தெரிந்துகொள்ள வழி உண்டா?

#12 | கறுப்பெண்ணெய்

உண்டு. பெல்ட் இல்லாம கம்ப்ரெஷன் கேஜ் போட்டுப் பிரயோஜனம் இல்லை, காத்தை வெச்சுத்தான் பாக்கணும்.

நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டுங்க. ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு டீஸ்பூன் எஞ்சின் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்க. நாலு வருஷம் காஞ்ச சிலிண்டர் சுவர் அதுல கொஞ்சம் ஈரமாகும். மறுநாள் கிராங்க் புல்லி போல்ட்டுல சாக்கெட் போட்டு, எஞ்சின் வழக்கமா சுத்தற திசையில மெதுவா திருப்பி, நாலு பிஸ்டனும் பாதி உயரத்துல நிக்கற மாதிரி வைங்க. நீளமான பிளாஸ்டிக் குச்சியை ஓட்டைக்குள்ள விட்டா நாலுலயும் ஒரே ஆழம் காட்டணும். இப்ப எந்தப் பிஸ்டனும் வால்வுக்குப் பக்கத்துல இல்லை.

ஹெட் மூடியைக் கழட்டி, முதல் சிலிண்டரோட கேம் மூக்கு எல்லாம் வால்வை அமுக்காத பக்கம் பாக்கற மாதிரி கேமை ஸ்பேனரால திருப்புங்க. ஒவ்வொரு கேமையும் தனித்தனியா, மெதுவா. எங்கேயாவது கெட்டியா தட்டினா நிறுத்தித் திருப்பிக்கோங்க, ரெண்டு பக்க வால்வும் ஒண்ணோட ஒண்ணு இடிக்கக்கூடும். காடியை 5ஆம் கியர்ல போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்துட்டு, பிளக் ஓட்டை வழியா அடாப்டர்ல 3லிருந்து 4 பார் காத்து கொடுங்க. புல்லிப் பக்கம் கை, தலை எதுவும் வேணாம், கிராங்க் உதறலாம்.

இப்ப காதால கேளுங்க. எக்ஸாஸ்ட் குழாய்ல "ஸ்ஸ்"னு வந்தா எக்ஸாஸ்ட் வால்வு வளைஞ்சிருக்கு. த்ராட்டில்ல வந்தா இன்டேக். எண்ணெய் மூடி வழியா கொஞ்சம் வர்றது ரிங் வழியா, எல்லா எஞ்சின்லயும் இருக்கும், பலமா வந்தாத்தான் கவலை. ரேடியேட்டர்ல குமிழி வந்தா ஹெட் கேஸ்கட். இப்படி நாலு சிலிண்டரும். கூடவே போன்ல மாட்டற மலிவு கேமராவை ஓட்டைக்குள்ள விட்டுப் பிஸ்டன் தலையைப் பாருங்க. வால்வு மோதியிருந்தா பிறை நிலா மாதிரி தடம் இருக்கும். லேசான தடம் பரவாயில்லை. விளிம்பு பெயர்ந்தோ விரிசலோ இருந்தா பிளாக்கையும் திறக்கணும்.

#13 | கெராண்_கிராணி

அப்பா பெயரில் இருப்பதால் மகன் கையெழுத்துப் போட்டு விற்க முடியாது. அவருக்கே இன்னும் அது சட்டப்படி சொந்தமில்லை. வாரிசுகள் அமானா ராயா (அரசு அறங்காவல் நிறுவனம்) வழியாகவோ நில அலுவலகம் வழியாகவோ நீதிமன்றம் வழியாகவோ சொத்து நிர்வாக ஆணை வாங்கி, அதில் இந்தக் காடியின் பதிவெண்ணும் சேர்க்கப்பட்டு, அந்த ஆணையைக் கொண்டுதான் ஜேபிஜே பெயர் மாற்றும். இறப்புச் சான்றிதழ், வாரிசுகள் அனைவரின் அடையாள அட்டை எல்லாம் தேவைப்படும். ஒரு வாரிசு ஒப்புக்கொள்ளாவிட்டாலும் இழுத்துக்கொண்டு போகும். வீடு, நிலம் என்று மற்றச் சொத்துக்கு ஏற்கெனவே ஆணை வாங்கியிருந்தால், காடி அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் காடியை மறந்துவிட்டிருப்பார்கள்.

ஆணை வரும் வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். காடியில் ஒரு நட்டைக்கூட மாற்றாதீர்கள்.

#14 | பழைய_தகரம்

ஒரு சாண் சில்லு, ஒரு பக்கம் மட்டும், டவர் சுத்தம். இது காப்பாத்தக்கூடிய காடி. அழுகின பகுதியை நல்ல தகரம் வர்ற வரைக்கும் வெட்டி எடுக்கணும், கண்ணுக்குத் தெரியறதைவிட ரெண்டு மூணு விரல் அதிகமா. வெளித் தகரத்துக்குப் பின்னால உள் தகரமும் இருக்கு, அதையும் பாத்து, தேவைன்னா அதை முதல்ல செஞ்சு, அப்புறம் வெளியே மூடணும். வெட்டறதுக்கு முன்னால கதவு இடைவெளியை அளந்து எழுதி வைங்க. சில்லை வெட்டினா பாடி தொய்யும், நாலு சக்கரமும் தரையில இருக்கும்போதோ சமமா ஸ்டாண்ட் போட்டோ வெல்டிங் பண்ணினாத்தான் கதவு மறுபடி ஒழுங்கா மூடும். வெல்டிங் முடிஞ்சதும் உள்ளே மெழுகு அடிக்க மறக்காதீங்க, இல்லைன்னா வெல்டிங் சூடு பட்ட இடத்துல இருந்தே மறுபடி துரு கிளம்பும்.

உப்பைக் கழுவாம எதுவும் செய்யாதீங்க. சில்லு வடிகால் ஓட்டையை ஒயரால குத்தித் திறந்து, சாதா தண்ணி மெதுவா விட்டு, வெளியே வர்ற தண்ணி தெளியற வரைக்கும் கழுவுங்க. பானட்டுக்குள்ள ஜெட் அடிக்காதீங்க, அக்கா திட்டுவாங்க.

#15 | சிப்புட்_ஓட்டி

காற்றுச் சோதனை முடிந்தது. ஈப்போவில் இருந்து ஒருவர் கம்ப்ரெஸரோடு வந்தார். 1, 2, 4ஆம் சிலிண்டர்களில் எக்ஸாஸ்ட் பக்கம் சத்தம், 2இல் இன்டேக்கும். 3 மட்டும் சுத்தம். பிஸ்டன் தலையில் சின்னப் பிறைத் தடம், விரிசல் இல்லை. ரேடியேட்டரில் குமிழி வரவில்லை.

விற்பவரோடு பேசினேன். நிலத்துக்கு ஆணை ஏற்கெனவே வாங்கியிருக்கிறார்கள், காடி அதில் இல்லை. சேர்க்க மனு போடுகிறேன் என்கிறார். பாடி, எஞ்சின் குறைகளைக் காட்டி 3,800 வெள்ளிக்குப் பேசி முடித்தேன், ஆணை வந்து ஜேபிஜே கவுண்டரில்தான் பணம் என்று எழுதிக்கொண்டோம். அதுவரை காடியை அந்தக் கொட்டகையில் இருந்து அவர் வீட்டுப் போர்ச்சுக்கு மாற்றச் சம்மதித்தார். டர்போ இப்போதைக்கு இல்லை, இதே எஞ்சினின் ஹெட்டைச் செய்யப் போகிறேன்.

ஹெட் கழற்றும் நாள் வந்தால் வால்வு எல்லாமே புதிதாக வாங்க வேண்டுமா?

#16 | கறுப்பெண்ணெய்

நல்ல முடிவு. எக்ஸாஸ்ட் எட்டும் புதுசு வாங்குங்க. இன்டேக்கை ஒவ்வொண்ணா டிரில் சக்குல போட்டுச் சுத்திப் பாருங்க, முனை ஆடினா தூக்கிப் போடுங்க. வளைஞ்ச வால்வு இருந்த இடத்து கைடும் விரிஞ்சிருக்கும். புது வால்வை விட்டுப் பக்கவாட்டுல ஆட்டிப் பாத்து, ஆட்டம் இருந்தா கைடு மாத்தணும். ஸ்டெம் சீல் பதினாறும் புதுசு. ஹெட் தட்டையா இருக்கான்னு நேர்க்கோல் வெச்சு 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் நுழையுதான்னு பாருங்க. ஹெட் போல்ட் நீண்டிருந்தா பழசைத் திருப்பிப் போடாதீங்க. பெல்ட்டோட டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப், கேம் சீல், கிராங்க் சீல் எல்லாம் ஒரே தடவையில. பெல்ட்ல எண்ணெய் இருந்ததுன்னு சொன்னீங்களே, கதையைக் கெடுத்தது அந்தச் சீல்தான். பெல்ட் மாட்டினதும் சாவியைத் தொடாம கிராங்க்கை கையால ரெண்டு முழுச் சுத்து சுத்தி, குறிகள் மறுபடி நேரா வருதான்னு பாத்துட்டுத்தான் ஸ்டார்ட்டர்.

பழைய பெட்ரோலை டேங்க்ல இருந்து முழுசா எடுத்துட்டுத்தான் முதல் ஸ்டார்ட், அது இப்ப வார்னிஷ்.

#17 | ஒயரிங்_அக்கா

ஈசியுவை இப்போதே கழற்றி வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள், விற்பவரே வைத்திருக்கட்டும். ஆணை வரும் மாதங்களில் அந்தக் கசிவு தடத்தைத் தின்ன வேண்டாம். கடித்த இன்ஜெக்டர் ஒயரை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். அதே தடிமன் ஒயர், சால்டர், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க்.

#18 | பழைய_தகரம்

போர்ச்சுக்கு மாத்தும்போது தட்டை லோரியில ஏத்துங்க, முன்னால தூக்கி இழுக்கிற டோ வேணாம். இடப்பக்கச் சில்லுல ஜாக்கி வைக்கவே கூடாது, தகரம் மடிஞ்சு உள்ளே போயிடும். தூக்கணும்னா முன் கிராஸ்மெம்பர் நடுவுல மரக்கட்டை வெச்சு ட்ராலி ஜாக்கி போடுங்க. ஹேண்ட் பிரேக் ஒட்டிக்கிட்டிருந்தா வின்ச்சால இழுக்காதீங்க, பின் சக்கரத்தைக் கழட்டி, காலிப்பர் லீவரை லேசாத் தட்டி விடுவிச்சுட்டு இழுங்க. லோரியில கட்டும்போது கட்டற பெல்ட்டைச் சக்கரத்து வழியாப் போடச் சொல்லுங்க, பின்னால அந்த அரிச்ச பிரேக் பைப் இருக்கிற பக்கம் கொக்கி மாட்ட விடாதீங்க.